துணியில் வடித்த பிரேக் ஒயில்

கராஜில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, ஒரு சனிக்கிழமை வந்து நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போகும்படி முதலாளி என்னிடம் கேட்டார். ஆட்களுக்கு முன்னால் நின்று கதைக்க எனக்கு வராது. வாகனத்துக்குக் கீழே படுத்து வேலை செய்த காலத்தில் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. கீழே கிடப்பவனிடம் யாரும் அதிகம் கேட்பதில்லை. இப்போது முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. வேலையை விட்டுவிட்டேன். ஒளிந்துகொள்ள வாகனமும் இல்லை. ஆகவே எழுதித் தருகிறேன். வாசித்துவிட்டு ஏதும் கேட்க இருந்தால் வீட்டுக்கு வாருங்கள். ஒவ்வொருவராக வந்தால் நல்லது.

பிரேக் ஒயில் மாற்றுவது எப்படி என்று நான் எழுதப்போவதில்லை. அதை நீங்கள் கையால் பழகிவிடுவீர்கள். பழுது எதுவும் தெரியாத ஒரு காருக்கு முன்னால் நிற்கும்போது, பக்கத்தில் ஒருவர் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றால், என்ன சொல்வது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன். அது எனக்குக் கடைசிவரை கடினமாகவே இருந்தது.

பிரேக் ஒயிலைப் பற்றி ஒன்று மட்டும் முதலில் தெரிந்திருக்க வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை மெதுவாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மூடி திறந்த போத்தலிலும் உறிஞ்சும், காருக்குள் இருக்கும்போதும் உறிஞ்சும். அப்படித் தண்ணீர் சேர்ந்த ஒயில், குளிர்ந்திருக்கும்வரை நல்ல ஒயிலைப் போலவே வேலை செய்யும். பிரேக் மிகவும் சூடானால் உள்ளிருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகும். ஒயிலை அமத்திச் சுருக்க முடியாது. ஆவியை அமத்திச் சுருக்கலாம். அப்போது பிரேக் மிதி நிலம்வரை போகும், சில்லுக்கு ஒன்றும் போய்ச் சேராது. பிறகு ஆறினால் ஆவி மறுபடி தண்ணீராகிவிடும். மிதி கல்லைப் போல நிற்கும். குற்றம் செய்தவர் இடத்தைக் கூட்டித் துடைத்துவிட்டுப் போனது மாதிரி இருக்கும்.

எங்கள் பக்கத்தில் பிரேக் சூடாக வழியில்லை. வன்னி தட்டையான நிலம். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போனாலும், பளைக்குப் போனாலும், ஒரு மாடு குறுக்கே வரும், நிறுத்துவோம். அடுத்த மாடு வருவதற்குள் பிரேக் ஆறிவிடும். முறிகண்டியில் எல்லோரும் நிறுத்தித் தேங்காய் உடைப்பார்கள். அங்கே கார் நின்றது என்பதை வைத்து பிரேக் சரி என்று சொல்லும் சாரதிமார் இன்றும் இருக்கிறார்கள். அது பிள்ளையாருக்குச் செய்யும் மரியாதை. பரிசோதனை அல்ல.

யுத்தத்தில் பாதை பூட்டி, சாமான்களுக்குத் தடை இருந்த காலத்தில் பிரேக் ஒயில் இங்கே வந்து சேராது. ஒரு போத்தல் கிடைத்தால் ஒளித்து வைப்போம். வாகனத்திலிருந்து எடுத்த பழைய ஒயிலை யாரும் எறிவதில்லை. சோடாப் போத்தலில் விட்டு அடைய வைத்து, மேலே தெளிந்ததை வேட்டித் துணியில் வடித்து, திரும்ப வாகனத்துக்கே விடுவோம். எனக்கு வேலை காட்டியவர் துணியை நாலாக மடித்து வடிப்பார். வடித்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "தேன் மாதிரி இருக்கு" என்பார். வாகனங்கள் ஓடின. யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. துணி அழுக்கைத்தான் பிடிக்கும், தண்ணீரைப் பிடிக்காது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை எங்களுக்கு வரவில்லை. வன்னிக்குள் மலை இல்லை. வன்னியை விட்டு மலைக்குப் போக யாரும் விடவும் இல்லை. அந்த வகையில் தடை எங்கள் பிரேக்கைப் பாதுகாத்தது என்று சொல்லலாம். பாதை திறந்து, ஆட்கள் மலைநாட்டுக்குக் கல்யாணங்களுக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் ஆபத்து வந்தது.

சிவராசா அண்ணை வட்டக்கச்சியில் வயல் செய்கிறவர். அவரிடம் ஒரு வெள்ளைக் கார் இருந்தது. தானாகக் கியர் மாறும் ஜப்பான் கார். அதை ஹையருக்கு ஓட்டியவர் அவருடைய தங்கை கலாவின் கணவர் செல்வம். செல்வத்தின் தாய் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள். செல்வம் பிறந்து வளர்ந்து கார் பழகியதெல்லாம் கிளிநொச்சியில்தான். பேச்சில் மட்டும் தோட்டத்துத் தமிழ் இருக்கும். முன்பு குடித்தவர். பிள்ளை பிறந்த பிறகு விட்டுவிட்டார். ஒரு ஆள் குடியை விட்டது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் கணக்கெடுத்துக்கொண்டும் இருப்பார்கள்.

மாசி மாதத்தில் செல்வத்தின் பெரியப்பாவின் பேத்திக்கு நுவரெலியாப் பக்கம் கல்யாணம். செல்வம், கலா, பிள்ளை, கலாவின் தாய் ஆகியோர் காரில் போனார்கள். வயலில் வெட்டு நடந்துகொண்டிருந்ததால் சிவராசா அண்ணை போகவில்லை. கல்யாணம் முடிந்து திரும்பும் வழியில், மலையிலிருந்து இறங்கும்போது தாய்க்குத் தலைசுற்றியது. ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் காரை நிறுத்தினார்கள். தாய் தண்ணீர் குடித்தார். செல்வம் கடைக்குப் பின்னால் போய்விட்டுக் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். காரை எடுத்து முதல் வளைவுக்கு வந்தபோது பிரேக் இல்லை. செல்வம் கை பிரேக்கை இழுத்தார். கார் நிற்கவில்லை. பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப்பக்கத்துத் தண்ணீர்க் கானுக்குள் காரை விட்டார். ஒரு கதவு நசுங்கியது. ஒருவருக்கும் காயமில்லை. தாயின் பொய்ப்பல் மட்டும் தேயிலைக்குள் போய்விட்டது. தேடினார்கள், கிடைக்கவில்லை.

அந்த ஊர்க்காரர்கள் கூடிக் காரை வெளியே எடுத்தார்கள். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு ஒருவர் உள்ளே ஏறி பிரேக்கை அமத்திப் பார்த்தார். கல்லைப் போல் நின்றது. எல்லோரும் செல்வத்தைப் பார்த்தார்கள். கல்யாண வீட்டிலிருந்து வருகிற சாரதி. வழியில் கடைக்குப் பின்னால் போய் வந்த சாரதி. இதற்குமேல் யாரும் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. கலா பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். நேரே தமையன் வீட்டுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். செல்வம் தனியாகக் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். வழி முழுவதும் பிரேக் பிடித்தது. அதுவும் அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை சிவராசா அண்ணை காரைக் கராஜுக்குக் கொண்டுவந்தார். செல்வம் சைக்கிளில் பின்னால் வந்து, படலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். இருவரும் கதைப்பதில்லை. கதைப்பதெல்லாம் என்னோடுதான்.

"தம்பி, இந்த பிரேக்கை ஒருக்காப் பாருங்கோ. பாத்திட்டு ஒரு சொல்லுச் சொன்னாச் சரி. நாளையிண்டைக்கு மாமாமார் வருகினம்" என்றார் சிவராசா அண்ணை.

"மாமாமார் பிரேக் பாக்கவோ வருகினம்?" என்று கேட்டேன். உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டேன்.

"தங்கச்சியை உவரோடை விடுறதோ, எங்களோடை வைச்சிருக்கிறதோ எண்டு கதைக்க வருகினம். பிரேக் சரியெண்டால் உவர் குடிச்சிட்டுத்தான் ஓடினவர். வேறை கதையில்லை."

"பிரேக் பிழையெண்டால்?"

"பிழை வராது. நான்தான் பாக்கிறனான்."

காரை எடுத்துக்கொண்டு பரந்தன் றோட்டில் போய் வந்தேன். மெல்ல அமத்திப் பார்த்தேன், பலமாக அமத்திப் பார்த்தேன், ஓடவிட்டு ஒரேயடியாக அமத்திப் பார்த்தேன். எங்கள் கராஜுக்கு வந்தவற்றுள் நல்ல பிரேக் உள்ள கார்களில் அது ஒன்று. திரும்பி வந்து நாலு சில்லும் கழற்றிப் பார்த்தேன். கசிவு இல்லை. பிரேக் கட்டைகள் தேயவில்லை. ஒயில் தாங்கி மேல் கோடுவரை நிரம்பியிருந்தது. நிறம் மட்டும் பால் விடாத பிளேன்ரீ நிறம்.

"எப்பிடி? சரிதானே?" என்றார் சிவராசா அண்ணை.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எனக்கு இந்த வேலையில் வந்த பெரிய நெருக்கடிகள் எல்லாம் இப்படித்தான் வந்தன. சத்தமில்லாமல், ஒரு ஆள் 'சரிதானே' என்று கேட்கிற உருவத்தில். 'ஓம்' என்று சொன்னால் அவர் போய்விடுவார். நானும் தேத்தண்ணி குடிக்கப் போகலாம். கூச்சமுள்ள ஆட்களுக்கு 'ஓம்' மிகவும் வசதியான சொல். ஆனால் நான் பார்த்தது, கிளிநொச்சியில் குளிர்ந்த பிரேக் பிடிக்கிறது என்பதை மட்டும்தான். மலையில் நடந்ததை நான் பார்க்கவில்லை. 'பழுது இல்லை' என்பதும் 'பழுதை நான் காணவில்லை' என்பதும் வேறு வேறு. முதலாவதைச் சொல்ல ஆட்கள் உங்களைத் தள்ளுவார்கள். இரண்டாவதைச் சொன்னால் உங்களுக்கு வேலை தெரியாது என்பார்கள். இரண்டாவதைத்தான் சொல்ல வேண்டும்.

"என்ரை காலுக்கு ஒரு பிழையும் தெரியேல்லை. அவ்வளவுதான் சொல்லுவன்" என்றேன்.

"அப்ப சரியெண்டுதானே அர்த்தம்?"

"தெரியேல்லை எண்டுதான் அர்த்தம்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் ஸ்பானரைத் துடைத்தேன். அது ஏற்கெனவே துடைத்த ஸ்பானர்.

பிறகு ஒயில் எப்போது மாற்றினார் என்று கேட்டேன்.

"மாத்திறதோ?" அவருக்கு அது மரியாதைக் குறைவான கேள்வியாகப் பட்டது. "வருசா வருசம் நானே எடுத்து, அடைய வைச்சு, வடிச்சு விடுறனான். ஒரு தும்பு இராது. உங்கடை பெடியள் உப்பிடிச் செய்வாங்களோ?"

டிக்கியைத் திறந்து காட்டினார். துணிக்குள் சுற்றிய சோடாப் போத்தல். வாயில் சுருட்டிய கடதாசித் தக்கை. உள்ளே அரைவாசி ஒயில். தேன் மாதிரித்தான் இருந்தது. போத்தலைத் திரும்பத் துணிக்குள் வைத்தேன். படலைக்குப் போய்ச் செல்வத்திடம் மலையில் என்ன நடந்தது என்று கேட்டேன். அதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்கவில்லைப் போலிருந்தது. கேட்டவர்கள் எல்லோரும் 'குடித்தாயா' என்றுதான் கேட்டிருந்தார்கள்.

"எறக்கம் பூராவும் பிரேக்குல கால வச்சுக்கிட்டேதான் வந்தேன். வேற எப்படி வாறதுண்ணே?" என்றார். இறக்கத்தில் கியரைக் கீழே இறக்கி, என்ஜினாலேயே காரை இழுத்துப் பிடித்து வருவது அவருக்குத் தெரியாது. இங்கே கார் பழகிய யாருக்கும் தெரியாது. "ஒரு மாதிரி வாடை அடிச்சிச்சு. ஆனா பிரேக் புடிச்சிச்சு. கடையில நிப்பாட்டினேன், நின்னிச்சு. திரும்ப எடுத்தப்பதான் இல்ல."

"நிப்பாட்டி எடுத்த பிறகோ?"

"ஆமா. அதத்தான் யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. நிக்கிறதுக்கு முன்னாடி இருந்த பிரேக், நின்ன பிறகு எப்படிப் போவும்னு கேக்கிறாங்க."

எனக்கு அது எப்படிப் போகும் என்று தெரிந்தது. ஓடும்போது சில்லுக்குக் காற்றுப் படும். நிறுத்தினால் காற்று இல்லை. பிரேக் தட்டில் இருக்கிற சூடு மெதுவாக உள்ளே ஏறி ஒயிலுக்குப் போகும். ஆகவே ஒயில் கொதிப்பது ஓடும்போது மட்டுமல்ல, நின்று இளைப்பாறும்போதும்தான். கலாவுக்குச் சந்தேகம் வந்ததும் அந்தக் கடையில்தான், ஒயில் கொதித்ததும் அந்தக் கடையில்தான். இதை நான் வாயால் சொன்னால் சிவராசா அண்ணை கேட்கமாட்டார். மாமாமாருக்கு முன்னால் சொல்லவோ எனக்கு வாயே வராது. ஆகவே காரையே சொல்ல வைக்கலாம் என்று நினைத்தேன்.

இப்போது கராஜில் பேனா மாதிரி ஒரு கருவி இருக்கிறது. ஒயிலுக்குள் நுனியை வைத்தால் தண்ணீர் இருக்கிறதா என்று லைட் எரிந்து காட்டும். அதைப் பாவியுங்கள். நான் செய்ததை நீங்கள் செய்ய வேண்டாம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வெட்டு முடிந்த அவருடைய வயலுக்குக் காரைக் கொண்டுவரும்படி சிவராசா அண்ணையிடம் சொன்னேன். காய்ந்த, அகலமான, தட்டையான வயல். வைக்கோலை மாட்டுக்காரர்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அதை முதலே போய்ப் பார்த்துக்கொண்டேன், சூடான சில்லும் வைக்கோலும் சேரக்கூடாது. செல்வத்தைக் கூப்பிட்டேன். "நான் வந்தா நான் ஏதோ செஞ்சுட்டேன்னு சொல்லுவாங்கண்ணே" என்று சொல்லிவிட்டுக் கராஜில் இருந்துகொண்டார். அது நியாயம்.

ஆனால் கலா வந்துவிட்டார். பின் சீற்றில் இருந்தபடி, இறங்க மாட்டேன் என்றார்.

"தங்கச்சி, இது கொஞ்சம் ஆபத்து" என்றேன்.

"மலையிலை இருந்தும் நான்தானே வந்தனான். அண்ணாவின்ரை வயலிலையோ ஆபத்து?" என்றார். "ஆம்பிளையள் போய்ப் பாத்திட்டு வந்து சொல்லுறதைக் கேக்கிறதுக்கு நான் இல்லை."

நான் ஓட்டினேன். வலது கால் அக்சிலேட்டரில், இடது கால் பிரேக்கில். இரண்டையும் சேர்த்து அமத்தியபடி வயலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கார் முனகியது. கொஞ்ச நேரத்தில் ரப்பர் கருகுவது போன்ற வாடை வந்தது.

"இதுதான்" என்றார் கலா பின்னாலிருந்து. "இந்த வாடைதான் அண்டைக்கும்."

காரை நிறுத்தினேன். நின்றது. மிதி நன்றாகவே இருந்தது. சிவராசா அண்ணை சாளரத்தால் கையை விட்டு மிதியை அமத்திப் பார்க்க முயன்றார், எட்டவில்லை. என்னை இறக்கிவிட்டுக் காலால் அமத்திப் பார்த்தார்.

"பாத்தீங்களே? கல்லு மாதிரி நிக்குது. இவ்வளவு கொடுமைப்படுத்தியும் நிக்குது."

"கொஞ்சம் நிப்பம்" என்றேன்.

"என்னத்துக்கு?"

"சும்மா."

நாங்கள் வயலுக்குள் நின்றோம். முன் சில்லு இரண்டிலுமிருந்து மெல்லிய புகை வந்தது. பக்கத்து வயல்காரர் வரம்பில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனவர், நின்று பார்த்தார்.

"என்ன சிவராசா, காருக்குச் சாம்பிராணி போடுறியளோ?"

"பிரேக் பாக்கிறம்."

"வயலுக்குள்ளையோ?"

"ஓம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "மழை வேணுமெண்டால் உப்பிடிச் செய்து பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டார். போகவில்லை.

நான் நினைத்த நேரம் கடந்தது. "சரி அண்ணை, இனி எடுங்கோ. மெதுவா எடுங்கோ" என்றேன். சிவராசா அண்ணை வெற்றி பெற்றவரின் முகத்தோடு காரை எடுத்தார். நான் பக்கத்தில் இருந்து கை பிரேக்கில் கையை வைத்துக்கொண்டேன். அது வயரில் வேலை செய்வது, ஒயில் இல்லாவிட்டாலும் மெதுவாகப் போகும் காரை நிறுத்தும். கார் வரம்பை நோக்கி நடந்தது. திருப்புவதற்கு முன் அவர் பிரேக்கை அமத்தினார். கால் நிலம்வரை போயிற்று. எடுத்து மறுபடி அமத்தினார். மறுபடியும் போயிற்று.

"பிரேக் இல்லை" என்றார். பிறகு என்னைப் பார்த்து, ஏதோ நான் மறுத்தது போல, "பிரேக் இல்லையடாப்பா" என்றார்.

நான் கை பிரேக்கை இழுத்தேன். கார் நின்றது. ஆனால் முன் சில்லுகள் வரம்பைத் தாண்டி அடுத்த வயலுக்குள் போய்விட்டன. அந்த வயல்காரர் அங்கேதான் நின்றார்.

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பின் சீற்றிலிருந்து கலா கேட்டார்:

"அண்ணா, நீங்கள் குடிச்சிருக்கிறியளோ?"

சிவராசா அண்ணை இறங்கிப் போய் முன் சில்லுகளைப் பார்த்தார். வரம்பைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப ஏறி மிதியை அமத்தினார். கால்வாசி நின்றது. பின்னும் கொஞ்சம் பொறுத்து அமத்தினார். அரைவாசி நின்றது. பிறகு முழுவதும் நின்றது. அவர் அதை ஒவ்வொரு முறையும் அமத்திப் பார்த்துக்கொண்டிருந்த விதத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. கடைசியில், "இந்த முறை துணி கொஞ்சம் பழசுதான்" என்றார்.

துணி புதிதாக இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று சொன்னேன். அவரை நோகடிக்கச் சொல்லவில்லை. அடுத்த முறை புதுத் துணியில் வடிப்பார் என்று பயந்து சொன்னேன். பாதை பூட்டியிருந்த காலத்தில் நாங்களும் அப்படித்தான் வடித்தோம், அப்போது அது சரியாக இருந்தது என்பதையும் சொன்னேன். அதில்தான் அவர் கொஞ்சம் ஆறினார்.

எல்லாம் நன்றாக ஆறிய பிறகு காரைக் கராஜுக்குக் கொண்டுவந்தோம். மலையில் நடந்ததில் பாதி பழைய ஒயிலால், பாதி இறக்கத்தில் கியரை இறக்காமல் வந்ததால் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். செல்வம் தலையாட்டினார். கலா ஆட்டவில்லை.

"பிரேக் போனது உண்மை" என்றார். "ஆனா அவர் அண்டைக்குக் குடிச்சவரோ இல்லையோ எண்டு பிரேக் சொல்லாதே அண்ணை."

அது சரி. நான் அதை யோசித்திருக்கவில்லை. ஒரு பழுதைக் கண்டுபிடித்துவிட்டால் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டதாக நமக்கு ஒரு எண்ணம் வந்துவிடும். கவனமாக இருங்கள்.

"அதை நான் சொல்லேலாது தங்கச்சி" என்றேன். "ஒயிலை மாத்தித் தாறன்."

ஞாயிற்றுக்கிழமையாதலால் கராஜில் வேறு ஆட்கள் இல்லை. ஒயில் மாற்றி, உள்ளே நிற்கும் காற்றை வெளியே எடுக்க மூன்று பேர் வேண்டும். ஒருவர் மிதியை அமத்த, ஒருவர் சில்லடியில் ஒயில் வெளியேறும் நிப்பிளைத் திறந்து பூட்ட, ஒருவர் மேலே ஒயில் குறையாமல் விட. என் முழங்கால் சில்லடிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நான் மேலே ஒயில் விட நின்றேன். செல்வம் ஸ்பானரை எடுத்துக்கொண்டு சில்லடியில் குந்தினார். சிவராசா அண்ணை கதிரையில் இருந்து தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவரைக் கேட்கிற நிலைமை இல்லை. யாரும் சொல்லாமலே கலா போய்ச் சாரதி ஆசனத்தில் ஏறினார்.

"அமுத்து" என்றார் செல்வம். கிழமை முழுவதிலும் அவர் மனைவிக்குச் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

"அமத்தியாச்சு."

"புடிச்சுக்க."

கலா மிதியைப் பிடித்துக்கொள்ள, செல்வம் நிப்பிளைத் திறப்பார். பழைய ஒயில் குழாய் வழியாகப் போத்தலுக்குள் வரும். பூட்டிவிட்டு "விடு" என்பார். அப்போதுதான் காலை எடுக்க வேண்டும். நிப்பிள் திறந்திருக்கும்போது காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும், செய்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். கலாவுக்கு அதை ஒருவரும் விளக்கவில்லை. மூன்று சில்லு முடிவதற்குள் அவரே விளங்கிக்கொண்டார்.

கடைசியாகச் செய்வது சாரதி பக்கத்து முன் சில்லு. கதவு திறந்திருந்தது. செல்வம் கலாவின் காலடிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். அமத்தி, பிடித்து, திறந்து, கறுத்த ஒயில் முடிந்து தெளிந்த ஒயில் வரத் தொடங்கியது. நான் மூடிய போத்தலொன்றைப் புதிதாகத் திறந்து விட்டுக்கொண்டிருந்தேன்.

"பூட்டாதேங்கோ" என்றார் கலா.

"ஏன்?"

"அண்டைக்குக் கடைக்குப் பின்னாலை என்னத்துக்குப் போனீங்கள்?"

"கலா, மொதல்ல இதப் பூட்டிக்கிறேன்."

"நான் காலை எடுக்கட்டே?"

தூக்கிவிட்ட பொனற்று மூடிக்குப் பின்னால் நான் நின்றேன். அவர்களுக்கு நான் தெரியமாட்டேன். பக்கத்தால் பார்த்தபோது ஒரு விசயத்தை நான் கவனித்தேன். ஸ்பானர் செல்வத்தின் கையில்தான் இருந்தது. அதைக் கொஞ்சம் திருப்பினால் நிப்பிள் பூட்டிவிடும், அதன்பிறகு கலா காலை எடுத்தாலும் ஒன்றும் நடக்காது. அவர் திருப்பவில்லை.

"சிகரெட்டு" என்றார்.

"சிகரெட்டோ?"

"பாதிதான் குடிச்சேன். மாமி கூப்பிட்டாங்க. போட்டுட்டு வந்துட்டேன்."

"சிகரெட்டும் விட்டதெண்டு பிள்ளையின்ரை தலையிலை கைவைச்சுச் சொன்னனீங்கள்."

"ஆமா."

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே."

"அன்னிக்குக் குடிச்சியான்னு கேட்ட. இல்லன்னேன். சிகரெட்ட யாரும் கேக்கல."

நான் ஒயில் மட்டத்தைப் பார்த்தேன். அசையாமல் நின்றது. மிதி அமத்தியபடியே இருந்தது. சிவராசா அண்ணையின் கையிலிருந்த தேத்தண்ணி நன்றாக ஆறியிருக்கும்.

"பூட்டுங்கோ" என்றார் கலா.

செல்வம் பூட்டினார். "விடு" என்றார். கலா காலை எடுத்தார். காற்று ஒன்றும் போகவில்லை.

பிறகு அவர் இறங்கித் தமையனுக்கு முன்னால் வந்து நின்றார். "அவர் குடிக்கேல்லை" என்றார்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"குடிக்கிற நாளிலை எங்கை போனதெண்டு கேட்டால், ஒண்டுக்குப் போனதெண்டுதான் எப்பவும் சொல்லுறவர். ஒரு நாளும் மாத்திச் சொன்னதில்லை. சிகரெட் எண்டு சொன்னது இதுதான் முதல் தரம்."

அந்த மாதிரிப் பரிசோதனைக்கு எங்கள் கராஜில் கருவி இல்லை. அது பல வருடம் பக்கத்தில் இருந்தவருக்குத்தான் வரும்.

செல்வம் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். கலா அவரைப் பார்க்கவில்லை. "சிகரெட்டுக்கு வீட்டை வந்து கதைப்பம்" என்று அவர் கையிலிருந்த துணியைப் பார்த்துச் சொன்னார். பிறகு தமையனிடம், "மாமாமாரை வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ அண்ணா" என்றார்.

சிவராசா அண்ணை ஃபோனை எடுத்தார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவைக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

"பிரேக் ஒயில் மாத்தினதெண்டு சொல்லுங்கோ" என்றார் கலா.